கொல்லையில் ஒரு கொள்ளிடம்

செமஸ்டர் முடிஞ்சு வீட்டுக்குப் போனா உங்களுக்கு முன்னாடியே ஒரு கும்பல் வந்து இறங்கியிருக்கும். அக்கா பசங்க, சித்தப்பா பசங்க, பக்கத்து வீட்டு வாண்டுகள். வெயில் கொளுத்தும். ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்த்தா மே மாசம் அரசலாத்துல முகத்துவாரத்துப் பக்கம் கடல்தண்ணி ஏறி நிக்குமே தவிர ஆத்துத் தண்ணி இருக்காது. மேட்டூர் திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. அது கல்லணைக்கு வந்து, அங்கேயிருந்து காரைக்காலுக்கு வந்து சேர இன்னும் நாளாகும். அதுவரைக்கும் பசங்கள என்ன பண்றது?

கொல்லையில ஒரு ஆறு கட்டுங்க. ஊதுற நீச்சல் தொட்டி எல்லாம் வேண்டாம், ரெண்டாம் நாள் அது ஓட்டையாகிடும். பத்தடி நீளம், நாலடி அகலத்துல மணல்ல ஓடுற ஒரு ஆறு. பசங்க நாள் முழுக்க அதுல கிடப்பாங்க. அதைக் கட்டுறப்போ அவங்களுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கு. நம்ம காவிரியை உட்கார்ந்து பார்த்து, அதுல கைவச்சு, அந்தப் பாடத்தோட கோதாவரி வரைக்கும் போன ஒரு மனுஷனோட கதை. பேரு ஆர்தர் காட்டன். சிவில் படிக்கிறவங்க ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. மத்த டிபார்ட்மென்ட் ஆளுங்களும் படிக்கலாம், ஃபார்முலா எதுவும் வராது.

முதல்ல ஆறு. பழைய பிளக்ஸ் பேனர் ஒண்ணு போதும், கட்சி எதுவானாலும் பரவாயில்லை, எழுத்து கீழே போற மாதிரி விரிங்க. சுத்தி செங்கல் அடுக்கி பேனர் ஓரத்தை அதுமேல மடிச்சு விடுங்க. தலைப்பக்கம் அடியில ஒரு செங்கல் உயரத்துக்கு மண் போட்டுத் தூக்கணும். பத்தடிக்கு மூணு அங்குலம் சரிவு, அதாவது நாற்பதுக்கு ஒண்ணு. நிஜ டெல்டாவுல இதைவிட ரொம்ப ரொம்பக் குறைவுதான், ஆனா நம்மகிட்ட இருக்கிறது பத்தடி. உள்ளே நாலு விரல் கனத்துக்கு மணல். வீடு கட்டி மீந்தது இருந்தா நல்லது, எம்-சாண்டா இருந்தா சலிச்சுப் போடுங்க. கடைசியில ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தரையோட தரையா புதைச்சிடுங்க. அதுதான் வங்காள விரிகுடா. தலைப்பக்கம் ஸ்டூல் மேல குழாய் வச்ச ஒரு டிரம். பேசின் நிறைஞ்சதும் பசங்களே சொம்புல மொண்டு டிரம்முல ஊத்தட்டும், அதுவே அவங்களுக்கு ஒரு விளையாட்டு. மோட்டார்தான் வேணும்னா 12 வோல்ட் பம்ப் மட்டும் போடுங்க, அடாப்டர் வீட்டுக்குள்ள இருக்கட்டும். கூலர்ல இருந்து கழட்டின 230 வோல்ட் பம்பைக் குழந்தைங்க கைவைக்கிற தண்ணியில போடவே கூடாது. ஈஈஈ பசங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இப்போ காட்டனுக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1803 மே 15, இங்கிலாந்தில். அப்பாவுக்குப் பத்தாவது பையன். அவ்வளவு பேர் இருக்கும் வீட்டில் சொத்து கீழே வரை இறங்காது. பையன்கள் ஆளுக்கொரு திசையில் பிழைப்பைத் தேடியாக வேண்டும். 15 வயதில் அடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 16 வயதில் அதிகாரி. கொஞ்ச நாள் வேல்ஸ் மலைகளில் நில அளவை வேலை. 1821இல் சென்னையில் வந்து இறங்கும்போது 18 வயது. நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசு.

கம்பெனி அவரை ஏரி, குளங்களைக் கவனிக்கும் பிரிவில் போட்டது. கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று தெற்கு முழுக்கச் சுற்றினார். பாம்பன் நீரிணையில் கப்பல் போக வழி உண்டா என்று அளந்தார். நடுவில் பர்மா யுத்தம் வர, 1824இல் அங்கே போய் இரண்டு வருஷம். திரும்பி வந்ததும் 1828இல் காவிரிப் பாசனம் அவர் பொறுப்புக்கு வந்தது. 25 வயது. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்க கொல்லையில செஞ்சு பார்க்கப் போறீங்க.

மணல்ல ஆறு ஓட ஆரம்பிச்சதும், தலையிலிருந்து மூணடி தள்ளி நடுவுல ஒரு திட்டு எழுப்புங்க. அதுதான் ஸ்ரீரங்கம். பசங்க ஆளுக்கொரு கோபுரம் குத்துவாங்க, குத்தட்டும். தண்ணி அங்கே ரெண்டாப் பிரியும். இடது கை ஓட்டத்தை நேராவும் கொஞ்சம் ஆழமாவும் கீறி விடுங்க. அது கொள்ளிடம். வலது கை ஓட்டம் வளைஞ்சு வளைஞ்சு போகட்டும். அது காவிரி. அதிலிருந்து சின்னச் சின்னதா நாலு வாய்க்கால் பிரிச்சு விடுங்க. இப்போ கைகட்டிட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா பாருங்க.

வலது பக்கம் தண்ணி குறைஞ்சுக்கிட்டே வரும். நேரா இறங்குற வழி தண்ணிக்குச் சுலபம், வேகமா ஓடி அந்தப் படுகையை இன்னும் அரிச்சு ஆழமாக்கிக்கும். வளைவுப் பக்கம் வேகம் செத்துப்போய், கொண்டுவந்த மணலை அங்கேயே போட்டுவிடும். மணல் மேடாக ஆக இன்னும் தண்ணி குறையும், தண்ணி குறையக் குறைய இன்னும் மணல் சேரும். கடைசியில காவிரி வாயிலேயே அடைச்சுக்கும்.

1820களில் நிஜமாகவே அதுதான் நடந்துகொண்டிருந்தது. முக்கொம்பில் பிரியும் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடத்துக்கு அதிகமாகப் போனது. காவிரிப் படுகை மேடேறியது. வருஷா வருஷம் வாய்க்கால் தூர்வார ஜனங்களைத் திரட்டினார்கள், அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் மணல். தஞ்சை ஜில்லாவில் கடைசி வயல்கள் தரிசாகத் தொடங்கின. நம்ம பக்கம் எல்லாம் அந்தக் கடைசியிலும் கடைசி. அதிலும் காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1739 முதல் அவர்களுடையது, நடுவில் சில தடவை ஆங்கிலேயர் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆற்றின் தலை ஒரு ராஜ்யத்தில், வால் இன்னொரு ராஜ்யத்தில். தலையில் எதை எப்படிக் கட்டுவது என்று காரைக்கால் விவசாயியை யாரும் கேட்கவில்லை. இப்போ மட்டும் என்ன வாழுதுன்னு கேட்டா, அது வேற கட்டுரை.

காட்டனுக்கு முன்னாலேயே 1804இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் இதே சிக்கலை ஆராய்ந்திருந்தார். (ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு, அவர் அப்போது பிறக்கவே இல்லை.) அவர் கல்லணையின் உயரத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினார்கள். கல்லணை இருப்பது ஸ்ரீரங்கம் தீவின் வால்பக்கம். அங்கே காவிரித் தண்ணீர் மறுபடி பள்ளமான கொள்ளிடத்துக்குள் வழிந்து ஓடிவிடாமல் தடுப்பதுதான் அதன் ஆதி வேலை. அதை உயர்த்தினால் வால்பக்க ஒழுக்கு நிற்கும், சரி. ஆனால் தண்ணீர் தேங்கி, மணல் மேலே இன்னும் அதிகமாகப் படிந்தது. தலைப்பக்க ஓட்டை அப்படியே இருந்தது.

காட்டன் 1830இல் கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைத்தார். அணையின் அடிமட்டத்தில் திறப்புகள், வெள்ளம் வரும்போது திறந்துவிட்டால் தேங்கிய மணலை ஆறே அடித்துக்கொண்டு போகும். சரி, தலைப்பக்கம்? முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு தடுப்பு வேண்டும். சொல்லிவிடலாம். ஆனால் முக்கால் கிலோமீட்டர் அகலத்துக்கு ஆறு, அடியில் பாறையே இல்லை, எவ்வளவு தோண்டினாலும் மணல். மணல் மேல் அணை எப்படி நிற்கும்?

இதையும் நீங்களே பாருங்க. இடது பக்க ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு செங்கல்லை நிறுத்தி வையுங்க. ரெண்டு நிமிஷம் தண்ணி தேங்கும், பசங்க கை தட்டுவாங்க. அப்புறம் செங்கல்லுக்கு இந்தப் பக்கம் அடியில மணல் கொப்புளிக்கும். தண்ணி அடிவழியா வழி கண்டுபிடிச்சிடும். மேலே வழியிற தண்ணி விழுற இடத்துலயும் குழி விழும். செங்கல் மெதுவா முன்னால சாஞ்சு, தலைகுப்புற விழும். நம்ம புக்குல இதுக்கு பைப்பிங், ஸ்கவர்னு பேரு இருக்கு. பிளை தியரி, கோஸ்லா தியரின்னு எட்டு மார்க் கேள்வியும் வரும். அந்தத் தியரி ரெண்டுமே 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. காட்டன் நின்றது 1830களில். அவருக்குக் கிடைத்த புத்தகம் ஒன்றுதான், அது கல்லணை.

கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. காட்டன் பார்த்தபோது ஆயிரம் அடிக்கு மேல் நீளமாக, நேர்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து கிடந்தது. மேலே பூச்சு. உள்ளே வெட்டிச் செதுக்கிய கட்டடக் கல் இல்லை, கரடுமுரடான பாறைத் துண்டுகளும் களிமண்ணும். ஐரோப்பாவில் படித்த எந்த இன்ஜினியரும் அதை அணை என்றே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அது நூற்றாண்டுக் கணக்கில் காவிரி வெள்ளத்தில் நிற்கிறது. எப்படி என்று யோசித்தவருக்கு விடை பிடிபட்டது.

அதைக் கட்டியவர்கள் மணலோடு சண்டை போடவில்லை. பாறையைக் கொண்டுவந்து ஆற்றில் போட்டார்கள். தண்ணீர் அடியை அரித்தது, பாறை உள்ளே இறங்கியது. அதன்மேல் இன்னொன்று போட்டார்கள். அதுவும் இறங்கியது. இன்னொன்று. ஒரு கட்டத்தில் கீழே போன பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து, அதற்குமேல் இறங்க முடியாமல் நின்றுவிட்டன. அஸ்திவாரத்தைத் தோண்டியது ஆறுதான், மனுஷன் கல் மட்டும் போட்டான். பாறை அடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்தால் கசியட்டும். மணலைத் தூக்கிக்கொண்டு போகும் வேகம் அதற்கு இருக்காது.

செங்கல் விழுந்த இடத்துல முக்கால் இஞ்ச் ஜல்லியை ஒரு கை அள்ளிப் போடச் சொல்லுங்க. காணாமப் போகும். இன்னொரு கை. அதுவும் பாதி போகும். பசங்களுக்கு இது பிடிச்சுப்போயிடும், ஜல்லி தீர்ற வரைக்கும் போடுவாங்க. நாலஞ்சு தடவைக்கு அப்புறம் பாருங்க, ஜல்லி இறங்காது. அதுமேல களிமண்ணை அப்பி, தண்ணி விழுற பக்கம் இன்னும் கொஞ்சம் ஜல்லியைச் சரிவா கொட்டிட்டா நிக்கும். அடியில அரை இஞ்ச் பிவிசி பைப் துண்டு ரெண்டு, வாழைமட்டைத் துண்டுல அடைப்பு. மணல்போக்கி ரெடி.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டுப் பழங்காலத்து ஆட்களிடம் கற்றுக்கொண்டதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். இங்கே ஆங்கிலேயர் கட்டிய அணைகளும் பாலங்களும் நின்றதற்கு அந்த அஸ்திவார வித்தைதான் காரணம் என்றும், அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்குத் தன் நாட்டவர் கடன்பட்டிருக்கிறார்கள் என்றும் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்துக் கம்பெனி அதிகாரிகள் பெரும்பாலும் இப்படி எழுத மாட்டார்கள். அவர்மேல் எனக்கு மரியாதை வருவதே இந்த இடத்தில்தான். கோதாவரி அப்புறம்.

1835இல் வேலை தொடங்கி 1836இல் இரண்டு அணைகள் எழுந்தன. முக்கொம்பில் மேலணை. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் கீழே அணைக்கரையில் கீழணை. கும்பகோணம் வழியாகச் சென்னை போகிறவர்கள் பழைய ரோட்டில் அந்தக் குறுகலான பாலத்தில் பஸ் நின்று காத்திருந்ததை மறந்திருக்க மாட்டார்கள், அதுதான். கொள்ளிடத்தில் வழிந்து வீணாகப் போவதைக் கீழணை மறித்து வீராணம் பக்கமும் மற்ற வாய்க்கால்களுக்கும் திருப்பியது. மேலணை வெறும் ஐந்தாறு அடி உயரம்தான். ஆற்றை அடைப்பது நோக்கமில்லை, காவிரிக்குள் போதுமான தண்ணீர் திரும்பினால் போதும். கல் சுமந்தவர்கள், கிணறு இறக்கியவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். ஒரு பெயர்கூட நம்மிடம் வந்து சேரவில்லை.

சுபம் போடலாம்னு நினைச்சீங்கன்னா உங்க கொல்லையைத் திரும்பிப் பாருங்க. கொள்ளிடத்தை மறிச்ச கொஞ்ச நேரத்துல வலது பக்கம் காவிரி வெறி பிடிச்ச மாதிரி ஓடும். கரையை இடிக்கும். படுகையைத் தோண்டும். பசங்க கஷ்டப்பட்டு வெட்டின சின்ன வாய்க்கால் வாயெல்லாம் இப்போ ஆத்து மட்டத்தைவிட மேடா நிக்கும், தண்ணி ஏறாது.

அதுவும் நடந்தது. அணை கட்டிய சில வருஷங்களிலேயே காவிரி தேவைக்கு மேல் தண்ணீரை இழுத்து, ஆழமாகவும் அகலமாகவும் அரிக்க ஆரம்பித்தது. முதலில் அடைந்துபோகும் என்ற பயம், இப்போது உடைத்துக்கொண்டு போகும் என்ற பயம். 1840களில் மேலணையின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். காவிரியின் வாயிலும் படுகை மட்டத்தில் குறுக்கே ஒரு சுவர் போட்டு, இதற்குமேல் தோண்டாதே என்று நிறுத்தினார்கள். ஆறு சமநிலைக்கு வர இப்படிப் பத்து வருஷம் ஆனது. ஆற்றில் ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் அசையும் என்பதை ஹைட்ராலிக்ஸ் லேபில் சிமெண்ட் சேனலில் காட்ட முடியாது, அங்கே படுகை அசையாதே. அதற்கு மணல் வேண்டும்.

இதற்கிடையில் காட்டனுக்கு உடம்பு கெட்டது. காட்டுக் காய்ச்சல் திரும்பத் திரும்ப அடித்தது. ஆஸ்திரேலியா பக்கம் ஓய்வுக்குப் போனவர் 1841இல் எலிசபெத் லியர்மந்த் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் டாஸ்மேனியாவில் ஒரு மகள் பிறந்தாள். லேடி ஹோப் என்று பின்னாளில் அறியப்பட்ட அந்த மகள்தான் அப்பாவின் வாழ்க்கையை எழுதியவர். டார்வின் சாகும்முன் மதத்துக்குத் திரும்பினார் என்ற கதையைக் கிளப்பியவரும் அவரேதான், டார்வின் வீட்டார் அதை மறுத்தார்கள். சம்பந்தமில்லாத தகவல், ஆனா தெரிஞ்சு வச்சுக்கலாம்.

கோதாவரிக் கதை நம்ம ஏரியா இல்லாததால் வேகமாகச் சொல்கிறேன். 1832-33 பஞ்சம், 1839 புயல் என்று அந்த டெல்டா நொந்து போயிருந்தது. காட்டன் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். 1847இல் ராஜமுந்திரிக்குக் கீழே தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கி 1852இல் அணை முடிந்தது. தீவுகளுக்கு நடுவே நான்கு துண்டாக, கட்டுமானம் மட்டும் சுமார் நாலு கிலோமீட்டர். நடுவில் அவர் மறுபடியும் படுத்துவிட, ஓர் என்ற அதிகாரி பார்த்துக்கொண்டார். அடியில் மணல், அதன்மேல் பாறை. கல்லணையில் படித்ததைப் பல மடங்கு பெரிதாக எழுதினார், அவ்வளவுதான். பிறகு கிருஷ்ணாவில் விஜயவாடா அணை. இன்றைக்கும் கோதாவரிக் கரையில் ஊருக்கு ஊர் அவருக்குச் சிலை உண்டு. அங்கே பழைய அணைக்குப் பதில் கட்டிய புது அணைக்கும் அவர் பெயர்தான். நம்ம பக்கம் அந்த அளவுக்கு இல்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நமக்குக் கரிகாலன் முன்னாடியே இருந்தான்.

1860இல் ஓய்வு, 1861இல் சர் பட்டம். இங்கிலாந்து போனாலும் சும்மா இருக்கவில்லை. ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்குப் போடு என்பதுதான் அவர் வாதம். ரயில் தானியத்தை எடுத்துக்கொண்டு போகும், விளைவிக்காது. வாய்க்கால் விளைவிக்கவும் செய்யும், படகில் ஏற்றிப் போகவும் விடும். இந்தியா முழுக்க ஆறுகளைக் கால்வாயால் இணைக்கலாம் என்றும் கனவு கண்டார். 1876-78 பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது அவர் குரல் இன்னும் காரமானது. 1878இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத் தேர்வுக்குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் யோசனையில் பிறந்த கர்னூல்–கடப்பா கால்வாய் படுநஷ்டம். மழையை நம்பி விதைக்கும் கரிசல் விவசாயி, காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வரவில்லை. 1882இல் அதை அரசே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. டெல்டாவில் பலித்தது எல்லா மண்ணிலும் பலிக்கும் என்று நம்பியது அவர் பலவீனம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணைக்குக் கம்பெனி காசு கொடுத்தது இரக்கத்தில் இல்லை, விளைச்சல் கூடினால் நிலவரி கூடும் என்று காட்டனே கணக்குப் போட்டுக் காட்டியதால்தான். கூடவும் செய்தது.

கடைசிக் காலம் லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்ற ஊரில். எண்பது வயசுக்கு மேல வீட்டுத் தோட்டத்துல மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை விதைத்து, எவ்வளவு அதிகம் விளைகிறது என்று சோதனை. தோட்டத்துல மண்ணைக் கிளறிக்கிட்டு இருந்தா உங்களை யாராவது கேலி பண்ணினா இவர் பேரைச் சொல்லுங்க. 1899 ஜூலை 24 அன்று, 96 வயதில் இறந்தார்.

அவர் கட்டிய மேலணை அதற்குப் பிறகும் 119 வருஷம் ஓடியது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வெள்ளம் வந்தபோது, 22ஆம் தேதி ராத்திரி அதன் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. வயசாகிவிட்டது என்றது ஒரு தரப்பு. கீழ்ப்பக்கம் மணல் அள்ளி அள்ளிப் படுகை இறங்கியதுதான் காரணம் என்றது இன்னொரு தரப்பு. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஆனா உங்க ஜல்லி அணைக்குக் கீழே இருக்கிற மணலை ரெண்டு கை அள்ளிட்டு, குழாயை முழுசாத் திறந்து பாருங்க. பக்கத்திலேயே புது அணை கட்டிவிட்டார்கள்.

விளையாட்டுக்கு ஒரு விதி சேர்த்துக்கங்க. கும்பலில் பெரியவன் தலைப்பக்கம் குழாய்கிட்ட. அடுத்தவங்க ஆளுக்கொரு வாய்க்கால், ஆளுக்கொரு மடை. எல்லாரிலும் சின்னதைக் கடைசி வாய்க்கால் முனையில ஒரு கிண்ணத்தோட உட்கார வையுங்க. கிண்ணம் நிறையணும். மேலே இருக்கிறவன் எல்லாம் தன் வயலுக்குத் திருப்பிக்கிட்டே இருப்பான், சின்னதோட கிண்ணத்துல ஈரம்கூட வராது. அது கத்தி ஊரைக் கூட்டும். அப்போ சொல்லுங்க, நீ உட்கார்ந்திருக்கிற இடம்தான் காரைக்கால்னு. கடைமடை. நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு, அதாவது நமக்கு, வருஷம் 7 டிஎம்சி என்று எழுதிவைத்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதைத் தொடவில்லை. 7 என்ற எண்ணுக்குக் குறையில்லை. அது எந்த மாசம் வருகிறது, திருநள்ளாறு தாண்டிக் கடைசி வயலுக்கு ஏறுகிறதா என்பதில்தான் சம்பாவின் தலையெழுத்து. தண்ணியைப் பங்கு போடுறது எப்படின்னு பசங்களே ஒரு முறை கண்டுபிடிக்கட்டும், நீங்க குறுக்கே போகாதீங்க. முறைவைத்து ஆளுக்கு நூறு எண்ணுற வரைக்கும்னு பேசி முடிப்பாங்க. டெல்டாவில் முறைப்பாசனம்னு நாம சொல்றதும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆடிப்பெருக்கு வரைக்கும் இந்த ஆறு தாங்கும், நடுவுல ரெண்டு தடவை மணல் சேர்க்கணும். அன்னைக்கு நிஜ ஆத்துல தண்ணி வந்திருந்தா சப்பரத்தை அங்கே இழுத்துட்டுப் போங்க, வரலைன்னா இங்கேயே விடலாம்.

மூணு வயசுக்குக் கீழே உள்ளதுங்க இருந்தா பேசின் பக்கம் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்தே இருக்கணும், செல்போன் இல்லாம. அரையடித் தண்ணியும் அதுங்களுக்கு ஆபத்துதான். சாயந்திரம் ஆட்டம் முடிஞ்சதும் பேசின் தண்ணியை வாழைக்கு வெட்டி விட்டுட்டு, பேசினைக் கவுத்து வச்சுடுங்க. ராத்திரி தேங்கி நின்னா கொசு முட்டை போடும். ஜல்லியைப் பொறுக்கி ஒரு சாக்குல கட்டி வையுங்க, இல்லைன்னா மறுநாள் காலையில கொல்லைக்குப் போற பாட்டி கால்ல குத்தும்.